ஹைபிரிட் காரின் எஞ்சினைக் கழுவுவதா, துடைப்பதா?

கொட்டகலைப் பக்கம் ஜூலை மாதத்தில் துணி காயாது. இஸ்தோப்புக் கயிற்றில் மூன்று நாள் தொங்கிய சட்டையைத் தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும். அப்படி ஒரு பின்னேரம் பண்டாரவளையிலிருந்து மச்சான் கோல் எடுத்தான்.

“மச்சான், காரை விக்கப் போறேன். பொனட்டைத் தூக்கினா உள்ளுக்க ஒரே தூசியும் செம்மண்ணும். சேர்விஸ் ஸ்டேஷன்ல குடுத்து எஞ்சினைக் கழுவி எடுத்துருவமா? இங்க நல்ல வெயில்.”

அவனிடம் இருப்பது 2013 டொயோட்டா அக்வா. என்னுடையதும் அக்வாதான், ஒரு வருடம் மூத்தது. கழுவாதே என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். ஆனால் கடைசியில் அவன் சொன்ன வெயில் என்னை யோசிக்க வைத்தது. தென்மேற்குப் பருவமழை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் கொட்டித் தீர்க்கும் மாதங்களில் பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். டிசம்பரில் கதை அப்படியே தலைகீழ். கழுவலாமா என்ற கேள்விக்கு மலையகத்தில் பாதிப் பதிலை வானம்தான் சொல்கிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஊற்றுவது சின்ன வேலை. ஊற்றியது காய வேண்டுமே!

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது கரண்ட் அடிக்குமா என்றுதான். பயம் நியாயமானது. அக்வாவின் பெரிய பெட்டரி 144 வோல்ட். எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளி நிறப் பெட்டியான இன்வெர்ட்டர் அதை 520 வோல்ட் வரை ஏற்றுகிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ட்டில் தொடங்கி 650 வரை போகும். ஆனால் இந்த மின்சாரம் காரின் உடம்போடு சேராமல் தனி வழியில் ஓடுகிறது. கம்பிகளுக்கெல்லாம் ஆரஞ்சு நிற உறை. காரை அணைத்தவுடன் பெட்டரிக்குப் பக்கத்திலுள்ள ரிலேக்கள் என்ற தானியங்கி சுவிட்சுகள் திறந்து மின்சாரத்தை அங்கேயே நிறுத்திவிடும். இன்வெர்ட்டருக்குள் தேங்கியிருப்பது இறங்கப் பத்து நிமிடம் வரை எடுக்கலாம். ஆகவே ஆரஞ்சுக் கம்பியின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஆள் செத்துப் போவான் என்பதெல்லாம் கட்டுக்கதை. அதற்காக அந்தக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பதும், வெட்டுப்பட்ட உறையைத் தொடுவதும் வேண்டாம். சமையலறைக் கையுறை போட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம்.

எனக்கு உண்மையான பயம் இரண்டு. கார் READY-இல், அதாவது ஓடத் தயாரான நிலையில், இருந்தால் சத்தமே இராது, அணைத்த கார் போலவே நிற்கும். பெட்டரி இறங்கியதும் எஞ்சின் தன்பாட்டில் ஸ்டார்ட் ஆகும். அந்த நேரம் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று அது பார்க்காது. ஆகவே எந்த முறையில் சுத்தம் செய்தாலும் பவர் பட்டனை அமர்த்தி அணைத்து, டாஷ்போர்டில் READY எழுத்து போய்விட்டதைக் கண்ணால் பார்த்து, சாவியைக் காரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குனியக் கூடாது.

இரண்டாவது பயம் ஈரம். இதில் நான் பட்டிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், சித்திரை வருசப் பிறப்புக்கு முந்தின வாரம். வாகன பூசை போட வேண்டும், கார் பளபளவென்று இருக்க வேண்டும் என்று ஒரு சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனேன். பையன் எஞ்சின் மேல் மண்ணெண்ணெய் அடித்தான், ஐந்து நிமிடம் ஊற விட்டான், அப்புறம் தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் கன்னை எடுத்து மேலிருந்து கீழ்வரை ஒரு பிடி பிடித்தான். கடைசியில் காற்றடித்துத் துடைத்தும் தந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை, புதுக் கார் மாதிரி இருந்தது. பட்டனை அமர்த்தினேன், READY வந்தது, சத்தமில்லாமல் பெட்டரியில் வெளியே வந்தேன்.

பெட்ரோல் கார் என்றால் அந்த இடத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஸ்டார்ட் எடுக்கும்போதே இருமும், நாமும் கழுவியவனிடமே நிறுத்திக் கேட்கலாம். ஹைபிரிட் அப்படியில்லை. முதல் ஏற்றத்தில்தான் எஞ்சின் உயிர் பெற்றது. உயிர் பெற்றதும் குலுங்கத் தொடங்கியது, கொழுந்து லொறியில் ஏறியது போல். எஞ்சின் லைட் கண் சிமிட்டியது. அந்த லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக கராஜ் வரை போய்ப் பார்க்கலாம். சிமிட்டினால் நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக் கெடுத்துவிடும். மூடுபனிக்குள் ஓரம் கட்டி, ஹஸார்ட் போட்டு, டயருக்குக் கல் வைத்துவிட்டு பாஸுக்கு, அதாவது என் கராஜ் மெக்கானிக்குக்கு, கோல் எடுத்தேன். மறுநாள் காலை அவர் ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு இக்னிஷன் கொயிலைக் கழற்றி டோர்ச் அடித்துக் காட்டினார். ஸ்பார்க் பிளக் இருக்கும் குழிக்குள் ஒரு தேக்கரண்டித் தண்ணீர், அதில் மண்ணெண்ணெய்ப் படலம் வானவில்லாக மினுங்கியது. கொயிலை மாற்ற வேண்டி வந்தது. கழுவிய கூலியைவிடப் பல மடங்கு செலவு. வருசப் பிறப்புக்குப் பூசை நடந்தது, தள்ளிக்கொண்டு வந்த காருக்கு.

அதைவிட மோசமாகவும் நடக்கலாம். ஹைபிரிட் கார் தன் உயர் மின்னழுத்தம் உடம்புக்குக் கசிகிறதா என்று ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கும். ஆரஞ்சுக் கம்பி போய்ச் சேரும் ஓர் இணைப்புக்குள் ஈரம் புகுந்தால்கூட, கசிவு என்று எழுதி வைத்து எச்சரிக்கை போட்டுவிடும். ஸ்கேனரில் P0AA6 என்று வரும். அணைத்துவிட்டால் மறுபடி READY-க்கு வராமலே நிற்கலாம். அப்புறம் லொறியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

சேர்விஸ் ஸ்டேஷன் கன் வாஷ். வேகமானது, மலிவானது, எந்த டவுனிலும் கிடைக்கும். அழுக்கு போவதில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் வைத்துப் பாவிக்கும் சின்ன பிரஷர் வாஷரே 100 பார் அழுத்தத்தில் அடிக்கும். கார்டன் ஹோஸில் வருவது மூன்று, நான்கு பார்தான். காரின் இணைப்புகளிலுள்ள ரப்பர் சீல்கள் ரோட்டிலிருந்து தெறிக்கும் தண்ணீரைத் தாங்கச் செய்தவை, முகத்துக்கு நேரே வரும் கன்னை அல்ல. அதுவும் நம் கார்களின் வயதைப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருந்த காரையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். பத்து, பன்னிரண்டு வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த சீல் புதுசு மாதிரி இறுக்கிப் பிடிக்குமா? மண்ணெண்ணெய் இன்னொரு கேடு. தண்ணீர் ஓடும் ரப்பர் ஹோஸ்களை அது ஊதி மென்மையாக்கும், எஞ்சின் புகை வெளியேறும் சூடான மேனிபோல்டில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். கார் கழுவும்போது எஞ்சின் அறைக்குள் தண்ணீர் படக் கூடாது, மின் பாகங்கள் தீப்பற்றலாம் என்று டொயோட்டாவின் ஆங்கிலக் கையேடுகளில் அச்சிட்டே இருக்கிறது. நமக்கு ஜப்பானிலிருந்து நேரே வந்த காரில் இருப்பது ஜப்பானிய மொழிக் கையேடு, அதுவும் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் தூங்குகிறது.

ஆகவே கன் வாஷை நான் முழுதாக ஒதுக்கவில்லை, இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். பொனட் மூடியிருக்க, கீழ்ப்பக்கமும் சில்லு வளைவுகளும் கழுவட்டும். தோட்டத்து ரோட்டில் ஓடும் காருக்கு அது தேவை. பொனட்டுக்குள் வேண்டாம். காரைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். நல்ல மனசில் பையன் பொனட்டைத் தூக்கிவிடுவான்.

ஸ்டீம் வாஷ். தண்ணீரின் அளவு மிகக் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு சூட்டிலேயே கரைந்து வரும், மண்ணெண்ணெய் தேவையில்லை. பழகிய கை செய்தால் அழகான வேலை. கண்டிக்கோ கொழும்புக்கோ போகும் நாளில் செய்யலாம். எஞ்சினில் ஒயில் லீக் இருந்து, எங்கே என்று கண்டுபிடிக்க முழுவதும் சுத்தமாக வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் குளிர் ஊரில் இதற்கும் ஒரு வில்லங்கம் உண்டு. நீராவி குளிர்ந்த உலோகத்தில் பட்டால் தண்ணீராகிவிடும். நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் ஐஸ்கட்டி போலிருக்கும் எஞ்சினில் ஸ்டீம் அடித்தால், குறைந்த தண்ணீர் என்ற பெருமை பாதி போய்விடும். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்க, நடுப்பகலில் செய்வதுதான் சரி. பியூஸ் பொக்ஸ், இணைப்புகள், ஆரஞ்சுக் கம்பிகள் பக்கம் முனையைக் கொண்டுபோக வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். எச்சரிக்கை ஸ்டிக்கர்களும் உரிந்து வரும். வாங்க வருகிறவன் அதைக்கூடக் கவனிப்பான்.

பொலித்தீனால் மூடிவிட்டு ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விடுவது. யூடியூப்பில் பார்க்க இலகு. எனக்கு இது அரைகுறை வழியாகவே படுகிறது. மூடிய பொலித்தீனுக்குள் ஒரு சொட்டுப் போனாலும் அதே பொலித்தீன் அதை வெளியே விடாது. பண்டாரவளையில் ஆகஸ்ட் வெயிலில் ஒருவேளை தப்பிக்கலாம். தலவாக்கலையில் செய்தால் மாலைக்குள் மூடுபனி வந்து மிச்சத்தையும் நனைத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் வீடுகள் சரிவில் இருக்கின்றன. மேலே நாம் கழுவி விடும் ஒயிலும் மண்ணெண்ணெயும் கானில் இறங்கி, கீழே லயத்துச் சனம் குடத்தில் பிடிக்கும் பீலிக்குப் போகும். ஹோஸ் வேண்டாம் என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

கடைசியாக, நான் பின்பற்றுவது: பிரஷ்ஷும் ஈரத்துணியும். சனிக்கிழமைக் காலை ஒன்றரை மணி நேர வேலை. செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கன் வாஷ் தரும் பளபளப்பு வராது, கீழே கை எட்டாத இடங்கள் அப்படியே இருக்கும். ஆனால் காய வைக்க வேண்டியதும் இல்லை. மழை மாதத்திலும் ஒரு கூரைக்குக் கீழே செய்யலாம்.

ஏற்றம் ஏறி வந்த காரை ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். பெட்டரியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். ஈரத்துணிக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். மனசு கேட்காவிட்டால் அக்வாவின் 12 வோல்ட் பெட்டரி பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைக்கலாம். பெரிய பெட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை மட்டும் தொடவே வேண்டாம். அது பாஸின் வேலை.

முதலில் கண்ணாடிக்குக் கீழே, வைப்பரின் அடியிலுள்ள தட்டு. யூகலிப்டஸ் இலையும் சைப்ரஸ் சருகும் அங்கேதான் சேரும். தண்ணீர் இறங்கும் துவாரத்தை அவை அடைத்தால் மழைத்தண்ணீர் வழி தேடி எஞ்சின் பக்கமோ காலடிக்கோ இறங்கும். எஞ்சின் அழுக்காக இருப்பதால் கார் கெடுவது அபூர்வம், இந்த இலைக் குப்பையால் கெடுவது சாதாரணம். கையாலேயே அள்ளி எடுங்கள். பிறகு பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டி, வீட்டு வெக்யூமால் இழுத்துக்கொள்ளுங்கள். டயர் கடைக் காற்று வேண்டாம். கொம்ப்ரசர் டேங்கில் தேங்கிய தண்ணீரும் அதோடு வரும், தூசியை இணைப்புகளுக்குள் ஏற்றியும் விடும்.

இந்த இடத்தில் எலியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. குளிருக்கு எஞ்சின் சூடு தேடி வருகிற விருந்தாளி. போன தை மாதம் என் காரில், பொனட்டுக்குள் ஒரு மூலையில், சாக்கு நூலும் காய்ந்த புல்லும் பாதி கடித்த மரவள்ளித் துண்டுமாக ஒரு கூடு. பக்கத்தில் ஒரு சென்சர் வயரின் உறை செம்பு தெரியச் சுரண்டப்பட்டிருந்தது. கன் வாஷ் அடித்திருந்தால் கூடு கரைந்து போயிருக்கும், சுரண்டிய வயர் கண்ணில் பட்டிருக்காது, அதற்குள் தண்ணீரும் போயிருக்கும். எலி எச்சம் கண்டால் பிரஷ்ஷும் வெக்யூமும் போடக் கூடாது, தூசி மூக்குக்குள் போகும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு எறிந்துவிடுங்கள். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். கையில் சிறு கீறல் இருந்தாலே கிருமிக்கு அது போதும்.

தூசி போனபின் துணி. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசரில் தண்ணீர் சேர்த்துத் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும், எஞ்சினில் நேரே தெளிக்கக் கூடாது. காஸ்டிக் சோடா கலந்த கடும் மருந்துகள் வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். இன்வெர்ட்டர் பெட்டியும் அலுமினியம்தான். துணியைப் பிழிந்தால் சொட்டக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. பிளாஸ்டிக் மூடிகள், பொனட்டின் உட்பக்கம், ஹோஸ்கள், இன்வெர்ட்டரின் மேல்மூடி என்று போங்கள். சந்துகளுக்குப் பழைய டூத் பிரஷ். ஆரஞ்சுக் கம்பிகளை உலர்ந்த துணியால் மேலோட்டமாகத் துடைத்து விடலாம், இழுத்துப் பார்க்காதீர்கள். முடிந்ததும் பொனட்டைத் திறந்தபடி அரை மணி நேரம் விட்டுவிட்டு, காரை P-யில் வைத்து, டயருக்குக் கல் வைத்து, READY-க்குக் கொண்டுவந்து ஹீட்டரை உச்சத்தில் போடுங்கள். ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்பதால் எஞ்சின் தானாக ஓடும், மிச்ச ஈரத்தையும் அந்தச் சூடே உலர்த்திவிடும். ஓடும்போது பொனட்டுக்குள் கை வைக்க வேண்டாம்.

பளபளப்பு ஸ்ப்ரே அடிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றால், எனக்கு அது பிடிக்காது. இரண்டு நாளில் தூசியை ஒட்டிக்கொள்ளும். வாங்க வருகிறவனின் பாஸ் அதைக் கண்டதும், எதை மறைக்கிறான் என்றுதான் முதலில் தேடுவார்.

சுசுகி வெகன் ஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மோட்டர் எஞ்சினுக்குச் சிறு உதவி மட்டும் செய்யும் அதன் மைல்ட் ஹைபிரிட்டில் ஆரஞ்சுக் கம்பியே கிடையாது, எல்லாம் 12 வோல்ட். கரண்ட் பயம் உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் அதில் பெல்ட்டில் ஓடும் மோட்டர் ஒன்று இருக்கிறது, ஈரமானால் கத்தும். ஆகவே துணிக் கட்சியிலேயே இருங்கள். ஹொண்டா வெஸல், பிட், கிரேஸ் ஹைபிரிட்காரர்களுக்கு ஆரஞ்சுக் கம்பி உண்டு, அக்வாவுக்குச் சொன்ன எச்சரிக்கைகள் பொருந்தும்.

உண்மையில் ஹைபிரிட்டில் சுத்தம் கேட்டு அழும் இடம் பொனட்டுக்குள் இல்லை. அக்வாவில் பின் சீட்டுக்குப் பக்கத்தில் பெட்டரிக்குக் காற்று இழுக்கும் ஒரு துவாரம் இருக்கிறது. ரம்பொடை ஏற்றத்தில் பெட்டரி கொடுத்துக்கொண்டே இருக்கும், இறக்கத்தில் வாங்கிக்கொண்டே இருக்கும், இரண்டிலும் சூடாகும். அந்தத் துவாரத்தைத் தூசியும் பிள்ளைகளின் பிஸ்கட் தூளும் அடைத்துக் கிடந்தால் பெட்டரி வெந்து ஆயுசு குறையும். அங்கே வெக்யூம் போடும் ஐந்து நிமிடம், எஞ்சினைக் கழுவும் ஒரு மணி நேரத்தைவிட மேல்.

இதையெல்லாம் மச்சானிடம் சொல்லி முடித்தபோது போனில் ரீலோட் தீரப்போகிறது என்று சத்தம் வந்தது. “சரி சரி, துணியாலயே துடைக்கிறேன்” என்று வைத்துவிட்டான். அரை மனசோடுதான் சொன்னான் என்பது குரலிலேயே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கோல்.

“மச்சான், முக்கால்வாசி முடிஞ்சிச்சு. இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்துற டேங்க் இருக்குல்ல, அதுக்குக் கீழ ஹோஸ் சேர்ற இடத்துல ரோஸ் கலர்ல உப்பு மாதிரி காஞ்சு பிடிச்சிருக்கு. என்ன மருந்து போட்டா போகும்?”

டொயோட்டாவின் கூலன்ட் ரோஸ் நிறம். அது எங்கோ சொட்டிச் சொட்டிக் காய்ந்திருக்கிறது. இன்வெர்ட்டரை ஆற வைக்கும் தண்ணீர் அது. கன் அடித்திருந்தால் அடையாளம் ஓடிப் போயிருக்கும், லீக் அங்கேயே இருந்திருக்கும்.

“அந்த இடத்தைத் துடைக்காத. டேங்க்ல தண்ணி எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பாத்துச் சொல்லு. நாளைக்கு அப்படியே பாஸ்கிட்டக் கொண்டு போய்க் காட்டு” என்றேன்.